மீன்வால் ஆராய்ந்த அகாசி

சுறாவின் வாலையும் வஞ்சிர மீனின் வாலையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவார்க்கு அவ்விரண்டும் ஒரு தன்மையன அல்ல என்பது நொடியிற் புலனாகும். சுறாவின் வாலில் மேன்மடல் நீண்டும் கீழ்மடல் குறுகியும் இருக்கும். வஞ்சிரத்தின் வாலோ பிறைத்திங்கள் போன்று மேலுங்கீழும் ஒத்து நிற்கும். இவ்வேறுபாடு புறத்தோற்றத்தோடு அமைந்துவிடுவதன்று. தசையை நீக்கிப் பார்ப்பின், சுறாவின் முதுகந்தண்டு வாலின் அடியிலே மேனோக்கி வளைந்து மேன்மடலின் நுனிவரை ஓடுதலைக் காணலாம்; கீழ்மடல் அத்தண்டின் அடிப்புறத்தினின்று தொங்குவதோர் இணைப்பே. வஞ்சிரத்திலோ தண்டு வாலின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகின்றது. அதன் ஈற்றிலுள்ள எலும்புகள் விசிறிபோல் விரிந்து தட்டையாகி, அவற்றின்மேல் துடுப்பின் கதிர்கள் வரிசையாகப் பொருந்தியிருக்கின்றன. எனினும் அவ்வெலும்புகளை மிகக் கூர்ந்து நோக்குவார், தண்டின் கடைநுனி அங்கும் சிறிதே மேனோக்கித் திரும்பியிருப்பதைக் காண்பர். இச்சிறு திருப்பத்தை மறவாதிருக்க வேண்டுகின்றேன். யாம் கூறப்புகும் வரலாற்றில் அதற்குப் பெரியதோர் இடமுண்டு.

இவ்விருவகை வால்களுக்கும் பெயர் இட்டவர் லூயி அகாசி என்பார். மடல்கள் ஒவ்வாத வாலை ஹெட்டிரோசெர்க்கல் என்றும், ஒத்த வாலை ஹோமோசெர்க்கல் என்றும் அவர் வழங்கினார். விலங்கு நூல் பயிலும் நம் மாணவர்கள் இப்பெயர்களைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்கின்றனர். பெயரிட்டவரை அறிவார் மிகச் சிலர். யாம் அவற்றை ஒவ்வாவால், சமவால் என்று தமிழிற் கூறிச் செல்வோம்.

அகாசி 1807-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள், சுவிட்சர்லாந்து நாட்டில் மொரா ஏரிக்கரையிலுள்ள மோத்தியே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்ச் சீர்திருத்தச் சபையின் போதகர். தாயார் ரோசு மேயர் ஒரு மருத்துவரின் மகளார். இவருக்கு முன் பிறந்த குழந்தைகள் நால்வரும் இளமையிலேயே இறந்துபட்டமையின், தாயார் இவர்பால் வைத்த அன்பு அளவிறந்தது. அவ்வன்பு அவ்வம்மையாரின் இறுதிநாள் வரை குன்றாதிருந்தது. குருமனையின் பின்புறத்தே ஊற்றுநீர் வந்து விழும் கற்றொட்டி ஒன்று இருந்தது. சிறுவர் லூயி ஏரியிற் பிடித்த மீன்களையெல்லாம் அத்தொட்டியில் விட்டு வளர்த்தார். தூண்டிலும் வலையுமின்றி, கரையோரக் கற்களின் இடுக்கிற் கைவிட்டு மீன் பிடிக்கும் வித்தையில் இவரும் இளவல் ஒகுஸ்தும் வல்லவராயிருந்தனர். இவருடைய முதற் கல்லூரி அக்கற்றொட்டியே எனலாம்.

பத்தாம் வயதிற் பியேன் நகரப் பள்ளியிலும், பின்னர் லோசான் நகரிலும் பயின்றார். மகன் மருத்துவனாகிப் பொருளீட்ட வேண்டுமென்பது பெற்றோர் விருப்பம். அதன்பொருட்டு சூரிக், ஐடல்பர்க், மியூனிக் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களிலும் மருத்துவம் கற்கப் புகுந்தார். ஆனால் உள்ளம் மீன்களிடத்தே இருந்தது. மியூனிக்கில் 1827-ஆம் ஆண்டு முதல் தங்கியிருந்த காலத்தே நற்பேறு ஒன்று வாய்த்தது. பிரேசில் நாட்டு ஆறுகளிலிருந்து ஸ்பிக்சு என்பார் கொணர்ந்த மீன்கள் ஆராய்வாரின்றிக் கிடந்தன; ஸ்பிக்சு 1826-இல் இறந்துவிட்டார். அவருடன் பயணஞ் செய்த மார்ட்டியசு என்னும் பேராசிரியர் அப்பணியை இம்மாணவரிடம் ஒப்புவித்தார். இருபத்திரண்டாம் வயதில், 1829-இல், அம்மீன்களைப் பற்றிய பெருநூலை இலத்தீன் மொழியில் வெளியிட்டார் அகாசி. வீட்டிற்கு இச்செய்தியை முன்கூட்டி அறிவியாது, நூல் முடிந்த பின்னரே பெற்றோர்க்குத் தெரிவித்தனராம். மருத்துவப் பட்டமும் அடுத்த ஆண்டு பெற்றார். அது பெற்றோரின் மனவமைதிக்காக என்று கொள்க.

1831-ஆம் ஆண்டின் இறுதியிற் பாரிசு சென்று, விலங்கின் உடற்கூற்று நூலில் அக்காலத்துத் தலைசிறந்து விளங்கிய கூவியே என்பாரைக் கண்டார். கூவியே தாம் பல்லாண்டு திரட்டி வைத்திருந்த கல்லுருவ மீன்களின் குறிப்புகளையும் வரைபடங்களையும் இவ்விளைஞர் கையிற் கொடுத்துவிட்டார். சில திங்களுள் கூவியே காலமானார். வறுமையால் வாடிய இவர்க்கு அலெக்சாந்தர் ஹம்போல்ட் என்னும் பேரறிஞர் ஆயிரம் பிராங்கு அனுப்பி உதவியதும் அக்காலத்தேதான்.

பாரிசில் நிகழ்ந்ததாக இவருடைய இரண்டாம் மனைவியார் எழுதிய வரலாற்றில் ஒரு செய்தி காணப்படுகின்றது. கல்லொன்றில் மீனுருவம் அரைகுறையாகத் தெரிந்தது. அதன் முழுவடிவம் எத்தகையது என்பது புலப்படவில்லை. இரண்டு இரவுகள் அம்மீனை முழுவுருவிற் கனவிற் கண்டு, விழித்தவுடன் மறந்தார். மூன்றாம் இரவு தாளும் கரிக்கோலும் தலைமாட்டில் வைத்துறங்கி, கனவு வந்தபொழுது இருளிலேயே உருவத்தை வரைந்து வைத்தார். காலையில் அப்படத்தைத் துணையாகக் கொண்டு கல்லைச் செதுக்க, உள்ளிருந்த மீன் படத்தோடு ஒத்திருந்ததாம். இதனை அற்புதம் என்பார் கூறுக. பகலெல்லாம் மீனெலும்பையே எண்ணியிருந்த ஒருவர் உள்ளம் இரவிலும் அத்தொழிலையே தொடர்ந்து செய்தது என்று கொள்வதே எனக்கு ஏற்புடைத்தாகத் தோன்றுகின்றது.

1832-இல் நெளசாத்தெல் நகரில் இயற்கைநூற் பேராசிரியரானார். ஊதியம் சிறிது, முயற்சி பெரிது. கல்லுருவ மீன்களைப் பற்றிய ஆராய்ச்சி என்னும் இவரது பெருநூல் 1833 முதல் 1843 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. ஏறக்குறைய 1,700 வகை மீன்கள் அதனுள் விளக்கப்பட்டன. ஐரோப்பாவில் மீனுருவக் கற்கள் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் சென்றார். தின்கெல் என்னும் ஓவியர் பல்லாண்டு இவருடன் இருந்து படங்கள் எழுதினார். 1834-இல் இங்கிலாந்து சென்றபொழுது, லைம் ரீசிசு கடற்கரையிற் கல்லுருவங்களைத் தேடி எடுப்பதில் ஈடிணையற்ற மேரி ஆனிங் என்னும் ஏழைப் பெண்மணியையும், அவருடைய தோழி எலிசபெத் பில்பாட்டையும் கண்டு, சுறாக்களைப் பற்றி அவர்களிடம் பல கற்றார். மேரி ஆனிங்கின் பெயரால் இரண்டு மீன்களுக்கும், பில்பாட்டின் பெயரால் ஒரு மீனுக்கும் பெயரிட்டார். அப்பெண்மணிகளுக்கு அக்காலத்துக் கழகங்களில் நுழையவும் உரிமையில்லை என்பதை நினைக்குங்கால், அகாசி செய்த இச்சிறு நன்றி பெரிதாகவே தோன்றுகின்றது.

மீன்களை வகைப்படுத்த இவர் கொண்ட கருவி செதிள். செதிளின் அமைப்பை நோக்கி மீன்குலத்தை நான்காகப் பகுத்தார். இப்பகுப்பு பின்வந்த அறிஞரால் நெடுங்காலம் ஏற்கப்படவில்லை. சுறாவின் பற்போன்ற செதிளுக்கு அவர் இட்ட பெயரோ நிலைத்தது. சுறாவின் உடலில் எலும்பு இல்லை, குருத்தே உண்டு. ஆதலின் அது இறந்தபின் பற்களே பெரும்பாலும் கல்லில் எஞ்சும். உள்ளங்கையினும் பெரிய பற்களையுடைய பழங்காலப் பெருஞ்சுறாவுக்கு மெகலொடான் என்னும் பெயரைத் தந்தவரும் அகாசியே. அதன் பற்களும் முதுகந்தண்டின் கணுக்கள் சிலவும் கிடைத்துள்ளன.

ஆனால் வாலைப் பற்றிய இவரது கண்டுபிடிப்பே யாம் ஈண்டு விரித்துக் கூற விரும்புவது. ஆயிரக்கணக்கான கல்லுருவ மீன்களை அவை கிடைத்த பாறையடுக்குகளின் முறைப்படி வரிசையாக வைத்து நோக்கியபொழுது, வியத்தகு முறையொன்று அவருக்குப் புலனாயிற்று. மிகப் பழைய அடுக்குகளில் அவர் கண்ட மீன்கள் ஒவ்வாவாலே உடையன. ஜுராசிக் காலத்தின் தொடக்கமாகிய லயாசு அடுக்கிலிருந்து மேலே வரவர, சமவால் மீன்கள் தோன்றிப் பெருகுகின்றன. இக்காலத்துக் கடலிலும் ஆற்றிலும் வாழும் மீன்களிலோ மிகப் பெரும்பாலன சமவால் உடையன. சுறாவும், ஸ்டர்ஜியன் போன்ற சிலவுமே பழைய வாலைப் போற்றி வருகின்றன. இதனால் மீனின் தலையும் உடலும் சிதைந்துபோய் வால்மட்டும் அகப்பட்டாலுங்கூட, அப்பாறை பழையதோ பிற்பட்டதோ என்று மதிப்பிட நிலநூலார்க்கு ஒரு சான்று கிடைத்தது. பின்னர் இவ்விதிக்கு விலக்குகள் பல காணப்பட்டன எனினும், வரலாற்றின் பெரும்போக்கை அகாசி கண்டது கண்டதே.

வால் ஏன் மாறவேண்டும் என்று கேட்பார் உளர். சுறாவுக்கு மற்றை மீன்களுக்கு உள்ளதுபோன்ற காற்றுப்பை இல்லை. நெய் நிறைந்த பெரிய ஈரல் அதன் பாரத்தை ஓரளவு தாங்கினும், நீந்தாதொழியின் பெரும்பாலான சுறாக்கள் அமிழும். மேன்மடல் நீண்ட வால் பக்கவாட்டில் வீசப்படுங்கால் நீரைப் பின்னும் கீழுமாகத் தள்ளுகின்றது. அதனால் உடலின் பின்பாகம் உயர்த்தப்படுகின்றது. முன்பாகம் தாழ்ந்துவிடாதவாறு சுறா தன் உடலைச் சிறிதே மேனோக்கிச் சாய்த்து நீந்துகின்றது. இக்காலத்தில் நீரோட்டத் தொட்டிகளிற் சுறாவை நீந்தவிட்டு, நீரின் சுழல்களை ஒளிகொண்டு அளந்து இதனை உறுதிசெய்துள்ளனர். காற்றுப்பை உடைய மீனுக்கோ மிதத்தற்கென வாலைச் செலவிட வேண்டுவதில்லை. வால் முழுதும் முன்செலுத்தும் தொழிற்கே உரியதாகின்றது.

சுறாக்களுக்குள்ளும் வால் ஒருபடித்தன்று. விரைந்து நெடுந்தொலை செல்லும் மாக்கோச் சுறாவிலும் பெரிய வெள்ளைச் சுறாவிலும் இருமடல்களும் ஏறக்குறைய ஒத்து, சூரை மீனின் வால்போன்று பிறைவடிவாய் இருக்கும். ஆயினும் உள்ளே முதுகந்தண்டு மேன்மடலிலேயே ஓடுகின்றது. புறத்தே சமமெனத் தோன்றி அகத்தே ஒவ்வாமை உடைய இவ்வாலைக் காணுங்கால், உருவொப்புமை கண்டு உறவு கூறுதல் எத்துணைப் பிழை என்பது விளங்கும். கடலடியிற் கிடந்து இரைதேடும் சுறாக்கள் சிலவற்றிற் கீழ்மடல் இல்லையென்றே கூறலாம். மற்றொரு வகைச் சுறாவின் மேன்மடல் உடலின் எஞ்சிய நீளத்தை ஒத்து வளர்ந்து, சாட்டைபோல் வீசிச் சிறுமீன்களை அடித்து மயக்குதற்குப் பயன்படுகின்றது. தேவதைச் சுறா என ஐரோப்பியர் வழங்கும் தட்டையுடற் சுறாவிலோ கீழ்மடலே பெரிது. பறவைக்கோலா மீனிலும் கீழ்மடல் நீண்டது. நீரின்மேல் எழும்பிய பின்னரும் அம்மடல் மட்டும் நீரில் அளைந்து உந்துவிசை தருகின்றது.

மீண்டும் அகாசியிடம் செல்வோம். நெளசாத்தெலில் இவருடன் பணிபுரிந்த கார்ல் வோக்ட் என்னும் இளைஞர், அவ்வூர் ஏரியில் வாழும் பாலே என்ற மீனின் முட்டைகளை நாடோறும் நோக்கி, கருவின் வளர்ச்சியை எழுதி 1842-இல் வெளியிட்டார். பாலே வளர்ந்த நிலையிற் சமவால் உடையது. கருவிலோ அதன் முதுகந்தண்டு மேனோக்கி வளைந்து ஒவ்வாவாலாகத் தோன்றுகின்றது, பின்னரே சமமாகின்றது. முதற்கண் யாம் சுட்டிய அச்சிறு திருப்பம் இந்நிலையின் எச்சமே. அகாசி இதன் பொருளை உடனே உணர்ந்தார். பழம்பாறையில் உறைந்த மீன்களின் வரிசையும், ஒரு முட்டைக்குள் சில வாரங்களில் நிகழும் வளர்ச்சியின் வரிசையும், இன்று வாழும் மீன்களுட் கீழோர் மேலோர் என்னும் வரிசையும் ஆகிய மூன்றும் தம்முள் ஒத்துச் செல்லுகின்றன என்று கூறினார். இதனினும் ஆழ்ந்த கருத்தை அக்காலத்து மீன்நூலார் வேறெவரும் கூறியதாகத் தெரியவில்லை.

இந்நிலையில் இவரது கவனம் மீனைவிட்டுப் பனிக்குச் சென்றது. ஐரோப்பாவின் வடபாகம் முழுதும் ஒருகாலத்திற் பனிப்படலத்தால் மூடப்பட்டிருந்தது என்னும் கொள்கையை 1837-இல் அறிஞரவையில் எடுத்துரைத்து, 1840-இல் நூலாக்கினார். ஆர் பனியாற்றின்மேல் ஒரு பெரும்பாறையின் நிழலிற் குடியிருந்து அளவைகள் செய்தார். பனியாற்றின் கிணறு போன்ற பிளவில் நூற்றிருபதடி ஆழம் கயிற்றில் இறங்கியும் பார்த்தார். பனியூழிக் கொள்கையின் பெருமை இவர் ஒருவர்க்கே உரியதன்று. சார்ப்பாந்தியே முதலியோர் முன்னரே அதற்கு வித்திட்டனர். உலகம் அதனை ஏற்கச் செய்தவர் அகாசி. இப்பொருள் தனிக்கட்டுரைக்கு உரியது.

புகழ் வளர வளர வீடு நலிந்தது. 1833-இல் இவர் மணந்த செசீல் பிரௌன் அம்மையார் நல்ல ஓவியர். கணவரது நூலுக்கு மீன்படங்கள் எழுதித் தந்தவர். ஆனால் இல்லம் உதவியாளராலும் ஓவியராலும் நிரம்பி வழிந்தது. அச்சகம் நடத்திக் கடன் மிகுந்தது. மூன்று மக்களும் தாயும் அக்கூட்டத்தில் ஒதுக்கிடம் தேடவேண்டியவராயினர். 1845-இல் அம்மையார் செருமனியிலுள்ள தம் பிறந்தகம் சென்றார். மறுமுறை நெளசாத்தெலுக்கு வந்திலர். 1846-இல் அகாசி அமெரிக்கா சென்றார். 1848-இல் அம்மையார் எலும்புருக்கி நோயால் இறந்தபொழுது கணவர் கடலுக்கப்பால் இருந்தார். ஆயிரத்தெழுநூறு மீன்களுக்கு நேரமுண்டாயிருந்தவர்க்கு மனைவிக்கு நேரமில்லாமற் போயிற்று என்று எழுதக் கை தயங்குகின்றது. ஆயினும் உண்மை அதுவே.

அமெரிக்காவில் இவருக்குக் கிடைத்த வரவேற்பு ஓர் அரசர்க்கும் கிடைப்பதரிது. பாஸ்டனில் இவர் சொற்பொழிவைக் கேட்க மக்கள் திரண்டனர். பேசிக்கொண்டே கரும்பலகையில் மீனின் வடிவத்தைச் சில கோடுகளால் உயிரோடு நிற்பதுபோல் வரைந்துவிடுவார். ஹார்வர்டிற் பேராசிரியரானார். 1850-இல் எலிசபெத் கேரி அம்மையாரை மணந்தார்; முதல் மனைவியின் மக்கள் மூவரையும் தம் மக்களாகவே வளர்த்த அவ்வம்மையார் பின்னாளில் மகளிர் கல்விக்குப் பெருந்தொண்டு புரிந்தார். 1859-இல் ஒப்புமை விலங்கியற் காட்சிசாலை இவர் முயற்சியால் நிறுவப்பட்டது.

இவர் ஆசிரியராய் விளங்கிய முறையைப் பற்றி இவர் மாணவர் ஸ்கட்டர் எழுதிய செய்தி அமெரிக்காவில் மிகப் பெயர்பெற்றது. பூச்சிகளைப் பயில விரும்பிவந்த ஸ்கட்டரின் முன் ஆசிரியர் சாராயத்தில் ஊறிய மீனொன்றை வைத்து, அதனை நோக்குமாறு பணித்துவிட்டு வெளியே சென்றார். பத்து நிமிடத்தில் எல்லாம் பார்த்தாயிற்று என்று எண்ணினார் மாணவர். ஆசிரியரோ வரவில்லை. மணிக்கணக்கில் அதே மீன். பூதக்கண்ணாடியும் கூடாது, கத்தியும் கூடாது. வேறு வழியின்றிப் படம் எழுதத் தொடங்கியபொழுதுதான் முன்பு காணாதன பல கண்ணிற்பட்டன. ஆசிரியர் வந்து கேட்டு, இன்னும் மிக வெளிப்படையான ஒன்றைக் காணவில்லை என்று கூறி மீண்டும் அமர்த்தினார். மறுநாள்தான், இருபுறமும் ஒத்த உறுப்புகள் இணையிணையாய் அமைந்திருப்பதே ஆசிரியர் எதிர்பார்த்த விடை என்று மாணவர்க்குத் தோன்றிற்று. மூன்று நாள் ஒரு மீன்! நம்முடைய செய்முறை வகுப்பில் ஒரு மீனுக்கு இரண்டு மணி நேரமும் மிகை என்று எண்ணுவார் இதனைச் சிறிது சிந்திக்க.

இத்துணைக் கூர்மையாக நோக்கக் கற்பித்தவர், தாம் கண்டதன் பொருளை ஏற்க மறுத்தது பெருவியப்பு. 1859-இல் டார்வின் தம் நூலை வெளியிட்டார். அந்நூலிலேயே அகாசியின் கருத்து எடுத்தாளப்பட்டது. பழங்கால விலங்குகள் இக்கால விலங்குகளின் கருக்களை ஒத்திருக்கின்றன என்னும் அக்கருத்து, ஓருயிர் மற்றோருயிராகப் படிப்படியே திரிந்தது எனும் தம் கொள்கையோடு நன்கு பொருந்துகின்றது என்று டார்வின் காட்டினார். பாலே மீனின் கருவில் ஒவ்வாவால் தோன்றுவதேன்? அதன் முன்னோர் ஒவ்வாவால் உடையராயிருந்தமையால் என்பது எளிய விடை. அவ்விடை அகாசிக்குக் கசந்தது. ஒவ்வோர் இனமும் இறைவன் உள்ளத்து எண்ணமாய்த் தனித்தனி படைக்கப்பட்டது. வரிசைகள் ஒத்திருப்பது அவ்வெண்ணத்தின் ஒழுங்கே அன்றி இரத்த உறவன்று என்று அவர் இறுதிவரை வாதித்தார். அவர் தடைகள் அனைத்தும் வெறும் பிடிவாதம் என்று தள்ளுதல் முறையன்று. மீன்களுட் கடைப்பட்டவை முதலில் தோன்றியிருத்தல் வேண்டுமே, பாறைகளில் உயர்ந்த அமைப்புடைய சுறாவினம் பழமையாகக் காணப்படுவதேன் என்று வினவினார். அக்காலத்து அது நல்ல வினாவே. தாடையில்லாத மீன்களின் மிகப்பழைய உருவங்கள் பின்னரே பாறைகளிற் கண்டெடுக்கப்பட்டன.

சமயப்பற்றே இவரைத் தடுத்தது என்று பலர் எழுதிவிடுகின்றனர். எனக்கு அஃது உடன்பாடன்று. அதே ஹார்வர்டில் அதே காலத்திற் பயிர்நூற் பேராசிரியராயிருந்த ஏசா கிரே ஆழ்ந்த கிறித்தவ பக்தர். அவரே அமெரிக்காவில் டார்வினுக்காக முதன்முதல் வாதாடியவர். அகாசியோ கோயிலுக்கு நாள்தவறாது செல்பவர் அல்லர். கூவியேயிடம் இளமையிற் கற்ற ஒரு கோட்பாட்டைத் தம் வாழ்நாளின் பெருமையோடு பிணைத்துக்கொண்டார். பிணைப்பு அறின் பெருமையும் அறுமென அஞ்சினார் போலும். அவர் மாணவர்களோ, ஹையாட், பாக்கார்டு, மோர்சு முதலாகப் பலரும் ஆசிரியர் உயிரோடிருக்கும்போதே அவர் கொள்கையைக் கைவிட்டனர். நோக்கு என்று கற்பித்தார், அவர்கள் நோக்கினார்கள்.

இதனினும் துயரமானது ஒன்றுண்டு. அதனை மறைத்து இவ்வரலாற்றை எழுதுதல் அறமாகாது. மக்களினங்கள் ஒரு தாய்தந்தையரினின்று வந்தனவல்ல, தனித்தனி படைக்கப்பட்டன என்றும், கறுப்பினத்தார் தாழ்ந்தவர் என்றும் அகாசி எழுதியும் பேசியும் வந்தார். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைமுறை கொடிகட்டிப் பறந்த காலம் அது. 1850-இல் தென் கரோலினாவிற் சென்று, ரெண்டி என்னும் முதியவரையும் அவர் மகள் டெலியாவையும் மற்றும் சில அடிமைகளையும் ஆடை களைந்து நிறுத்தி ஒளிப்படம் எடுப்பித்தார். கல்லில் உறைந்த மீனை நோக்கிய அதே கண்ணால் உயிருள்ள மனிதரை நோக்கினார். ஆனால் மீனிடம் காட்டிய பொறுமையை மனிதரிடம் காட்டினாரல்லர். 1854-இல் அடிமைமுறைக்கு ஆதரவாக வெளிவந்த நூலொன்றிலும் இவர் கட்டுரை இடம்பெற்றது. அதே ஆண்டு, அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளசு ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு விழாவிற் பேசுங்கால், அகாசி முதலியோரின் கொள்கையை எடுத்து மறுத்து, மனிதகுலம் ஒன்றே என்று நிறுவினார். பேராசிரியர் பிழைபட, பள்ளி காணாத டக்ளசு உண்மை கண்டார். அவ்வொளிப்படங்கள் 1976-இல் ஹார்வர்டின் காட்சிசாலை மேன்மாடத்தில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, இக்காலத்தில் நீதிமன்றம் வரை சென்ற வழக்கிற்கும் காரணமாயின. போதகர் மகனாய்ப் பிறந்து, ஆதாமின் மக்களே அனைவரும் என்று குருமனையிற் கேட்டு வளர்ந்தவர், அதனை இவ்விடத்தில் மட்டும் எளிதிற் கைவிட்டது நெஞ்சைச் சுடுகின்றது.

1865-இற் பிரேசில் சென்றார். இளமையில் ஏட்டிற் கண்ட மீன்களை முதுமையில் ஆற்றிற் கண்டார். டார்வினை மறுக்கச் சான்று தேடுவதும் அப்பயணத்தின் நோக்கம். மீன்கள் பல்லாயிரம் கிடைத்தன, சான்று கிடைத்திலது. 1873-ஆம் ஆண்டு கோடையிற் பெனிகீஸ் என்னும் சிறு தீவில் ஆசிரியர்களுக்கென ஒரு கடற்கரைப் பள்ளி தொடங்கினார். ஆடவரும் மகளிரும் ஒருங்கே அங்குப் பயின்றனர். பின்னாளிற் பெரும் மீன்நூலாராய் விளங்கிய டேவிட் ஸ்டார் ஜோர்டன் அம்மாணவருள் ஒருவர். அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் அகாசி காலமானார். ஆர் பனியாற்றினின்று கொணர்ந்த பாறையொன்று அவர் கல்லறைமேல் நிற்கின்றது.

ஜோர்டன் தலைவராயிருந்த ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் அகாசியின் கற்சிலையொன்று கட்டடத்தின் உயரத்தில் நின்றது. 1906-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அது தலைகீழாய் விழுந்து, தலை தரையிற் புதையக் கால்கள் வானோக்கி நின்றன. அந்த ஒளிப்படத்தைக் கண்டு நகையாதார் இலர்.

அகாசியின் வாலாராய்ச்சி அவரோடு மடியவில்லை. மகன் அலெக்சாந்தர், தந்தையின் காட்சிசாலையையும் ஆராய்ச்சியையும் ஏற்று, எலும்பு மீன்களின் குஞ்சுகளில் வால் வளரும் முறையை நிலைநிலையாக வரைந்து வெளியிட்டார். முதலில் நேராய் நிற்கும் தண்டு, பின் மேனோக்கி வளைவதும், கீழ்மடல் வளர்ந்து மேலெழுந்து வாலைச் சமமாக்குவதும் அப்படங்களிற் கண்கூடு. தந்தை மறுத்த திரிபுக் கொள்கையை மகன் ஆரவாரமின்றி ஏற்றார். கார் என்னும் பழங்குடி மீனின் குஞ்சுகளையும் அவர் 1878-இல் ஆராய்ந்தார். அக்குஞ்சின் தண்டுநுனி, துடுப்பினின்று பிரிந்து மெல்லிய இழைபோல் நீண்டு இடைவிடாது துடித்துக்கொண்டிருக்கும்; வளர வளர மறைந்துபோகும்.

1839-இல் அகாசி, இங்கிலாந்தின் டர்ஹம் பகுதிப் பாறையிற் கிடைத்த ஒரு வாலை மட்டும் கொண்டு, வால்முட்கள் உள்துளை உடையன என்னும் பொருள்பட சீலகாந்தசு என்று ஒரு மீனுக்குப் பெயரிட்டார். அவ்வினம் ஆறரைக் கோடி ஆண்டுகட்குமுன் அழிந்தொழிந்தது என்று அறிஞர் அனைவரும் நம்பியிருந்தனர். சரியாக நூறாண்டு நிறைவதற்குள், 1938-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், தென்னாப்பிரிக்கக் கரையில் மீன்பிடி கப்பலொன்றின் வலையில் வந்த நீலமீனை ஈஸ்ட் லண்டன் காட்சிசாலையின் மார்ஜரி கோர்ட்னே லாட்டிமர் அம்மையார் கண்டு காப்பாற்றி வைக்க, அஃது அவ்வினத்தைச் சேர்ந்ததே என்று தெளியப்பட்டது. அதன் வால் மும்மடல் உடையது. தண்டு நடுவே நேராய்ச் சென்று ஈற்றிற் சிறு மடலாய் முடிகின்றது. அகாசி வகுத்த இருவகையுள் எதனுள்ளும் அஃது அடங்காது.

கருவின் ஒவ்வாவால் முன்னோர் வாலின் மறுதோற்றமே என்று டார்வினுக்குப் பின்வந்தோர் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கற்பித்து வந்தனர். 2016-இல் லாரன் சாலன் என்னும் அம்மையார், முப்பத்தைந்து கோடி ஆண்டுகட்கு முற்பட்ட பாறையில் உறைந்த மீன்குஞ்சுகளை ஆராய்ந்து, வேறொன்று கண்டார். அக்குஞ்சுகளில் வால் ஒன்றன்று, இரண்டு: மேலே சதைவால், அதன்கீழ்த் தனியே துடுப்புவால். அம்மீன்கள் வளர்ந்தபொழுது சதைவால் நீண்டு ஒவ்வாவாலாயிற்று. அவ்வழிவந்த எலும்பு மீன்களிற் சதைவால் குன்றிப்போக, துடுப்புவாலே எஞ்சிச் சமவாலாயிற்று. நாற்கால் விலங்குகளிலோ துடுப்புவால் ஒழிந்து சதைவால் நின்றது. ஆகவே வஞ்சிரத்தின் வாலெலும்பில் மேனோக்கித் திரும்பிய அச்சிறு நுனி, வளர்ச்சி நின்றுபோன ஒரு வாலின் எச்சம். கார் மீனின் குஞ்சில் அலெக்சாந்தர் கண்ட துடிக்கும் இழையும் அதுவே.